பக்கவாதம் மூளையின் எந்த இடத்தில் அடித்தால் என்ன ஆகும்? கடலூர், புதுச்சேரி குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

"கை கால் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் எப்படி வாதம்னு சொல்றீங்க?" என்ற கேள்விதான் எங்கள் காதில் அதிகம் விழுகிறது. கை கால் விழாமலும் பக்கவாதம் வரும். ரத்தம் மூளையில் எங்கே நின்றதோ, அந்த இடம் பார்த்துவந்த வேலைதான் நிற்கும். அது கையாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், விழுங்குவதாகவும் இருக்கலாம். வாதம் என்று தோன்றாததால் வீட்டிலேயே கிடத்தப்படுபவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். அதனால் இந்தப் பக்கத்தில் மூளையின் அமைப்பையும் வீட்டில் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பக்கவாதம் நரம்புத் தளர்ச்சியால் வருவதா?

இல்லை. கையில் இருக்கும் நரம்பும் தசையும் அப்படியே இருக்கின்றன. கெட்டுப்போனது மூளை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ. ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று மூளையிடம் எதுவும் கிடையாது. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன.

மூளைக்கு நான்கு குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட் குழாய்கள், பின்னால் கழுத்தெலும்புக்குள் ஏறும் இரண்டு வெர்டிப்ரல் குழாய்கள். முன்குழாய்கள் பெருமூளையின் பெரும்பகுதிக்கும், பின்குழாய்கள் மூளைத்தண்டு (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் பகுதி), சிறுமூளை, பிடரி மடல் (மடல் என்பது பெருமூளையின் ஒரு பிரிவு) ஆகியவற்றுக்கும் ரத்தம் தருகின்றன. முன்குழாய் அடைத்தால் வருவது எல்லாருக்கும் தெரிந்த பக்கவாதம். பின்குழாய் அடைத்தால் வருவதைத்தான் பித்தம், வாயு, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி நாளைக் கடத்துகிறார்கள்.

அடைப்பால் வருவது ஒருவகை, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. பெரும்பாலும் அடைப்புதான். வெளியே பார்த்து எது என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் சிடி ஸ்கேன்.

மூளையின் இடப்பக்கம் அடைப்பு என்கிறார்கள், வலக்கை ஏன் விழுந்தது?

மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. அதனால் இடது மூளை வலது உடலை ஆள்கிறது. சிறுமூளை மட்டும் விலக்கு: வலது சிறுமூளையில் அடித்தால் வலக்கைதான் தடுமாறும்.

ஒருவருக்குக் கை மட்டும் விழுகிறது, இன்னொருவருக்குக் கால் மட்டும். ஏன் இப்படி?

பெருமூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி இடம் உண்டு. முகத்துக்கும் கைக்கும் உரிய இடம் வெளிப்பக்கம். காலுக்கு உரியது இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கம். வெளிப்பக்கத்துக்கு ரத்தம் தரும் நடு மூளைத் தமனி அடைபட்டால் முகமும் கையும் அதிகமாக விழும், கால் ஓரளவு தப்பும். பெரிய அடைப்புகளில் அதிகம் பாதிக்கப்படுவது இந்தக் குழாய்தான். முன் மூளைத் தமனி அடைபட்டால் கால் விழும், கை பரவாயில்லாமல் இருக்கும். கூடவே ஆள் எதிலும் நாட்டமில்லாமல் பேசாமல் உட்கார்ந்திருப்பார், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். "மனசு உடைஞ்சு போயிட்டார்" என்று வீட்டில் நினைப்பார்கள். அங்கே அடிபட்டிருப்பது நெற்றி மடல்.

முகம், கை, கால் மூன்றும் ஒரே அளவு விழுந்து, பேச்சின் பொருளும் நினைவும் தெளிவாக இருந்தால் அடி ஆழத்தில் விழுந்திருக்கும். மேலிருந்து வரும் இழைகள் எல்லாம் மூளையின் நடுவில் ஒரு குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. அங்கே 15 மில்லிமீட்டருக்கும் குறைவான அடைப்பு போதும், ஒரு பக்கம் முழுதும் போய்விடும். பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் கெடுப்பது இந்த ஆழத்துச் சிறு குழாய்களைத்தான். ரத்தக்கொதிப்பால் வெடிப்பதும் பெரும்பாலும் இதே வட்டாரத்தில்தான்.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, ஆனால் நாம் பேசுவது புரிகிறது. இன்னொருவர் சரளமாகப் பேசுகிறார், ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் ஒன்றா?

இரண்டும் மொழி இழப்புதான், இடம் வேறு. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் மொழி இடது மூளையில் இருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு இடது மூளைதான். நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் இருப்பது புரோக்கா பகுதி. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-ல் இதை அடையாளம் காட்டினார். இங்கே அடித்தால் ஆள் புரிந்துகொள்வார், சொல் வெளியே வராது. "தண்ணி... கொண்டா..." என்று திணறுவார், தனக்கே தெரிவதால் கோபப்படுவார், அழுவார். பொட்டு மடலின் பின்பகுதியில் வெர்னிக்கே பகுதி. இங்கே அடித்தால் பேச்சு ஆறாக ஓடும், அர்த்தம் இருக்காது, நாம் சொல்வதும் ஏறாது. இந்த இரண்டாவது வகையைப் பார்த்துவிட்டுப் புத்தி பேதலித்தது, காற்றுக் கருப்பு என்று அழைத்துப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முந்தின நாள் வரை நன்றாக இருந்தவர் திடீரென்று பொருளில்லாமல் பேசினால் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

குளறலைத் தனியாகப் பாருங்கள். வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தும் சொல்லும் அர்த்தமும் சரியாக இருந்தால், மொழி போகவில்லை, நாக்கு உதட்டின் இயக்கம்தான் போயிருக்கிறது. பார்க்க மூன்று காரியம் போதும். கடிகாரத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். கை சாடை காட்டாமல் "கண்ணை மூடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதில் தவறினார் என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லலாம்.

பேச முடியாதவர் ஒன்று இரண்டு எண்ணுவதும், தினம் சொன்ன சாமி பாட்டைப் பாடுவதும் உண்டு. நடிப்பு என்று நினைக்காதீர்கள். மனப்பாடமான வரிசைக்கும் பாட்டுக்கும் வலது மூளையும் கை கொடுக்கிறது, பேச்சுப் பயிற்சியில் இதையே பிடித்துக்கொண்டு முன்னேற்றுவார்கள். புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் பேசும் குடும்பங்களில் இரண்டு மொழியும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதில்லை. எந்த மொழியில் அதிகம் பதில் வருகிறதோ அதிலேயே பேசுங்கள்.

வலது மூளையில் அடித்தால் பேச்சு போகாதே, அப்படியென்றால் லேசானதுதானே?

இப்படி நினைப்பதால்தான் வலது மூளைப் பக்கவாதக்காரர்கள் தாமதமாக வந்து சேர்கிறார்கள். வலது பக்கவாட்டு மடலில் அடித்தால், இடப்பக்க உலகமே ஆளின் கவனத்திலிருந்து போய்விடும். கண் தெரியும், ஆனால் பார்க்க மாட்டார். வாழையிலை போட்டுச் சாப்பாடு வைத்தால், இடப்பக்கம் நுனியில் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே இருக்கும், "ஊறுகாய் வைக்கலையா?" என்று கேட்பார். வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்திருப்பார். சட்டையின் வலது கையை மாட்டிக்கொண்டு இடது கையைத் தொங்கவிடுவார். கை விழுந்ததையே ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. "கையைத் தூக்குங்க" என்றால் அது அசையாமல் கிடக்கும்போதே "தூக்கிட்டேனே" என்பார். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதை நம்பி விடாதீர்கள், அந்தப் பேச்சே நோயின் அறிகுறி.

இவர்கள் கீழே விழுவது அதிகம். படுக்கையின் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுங்கள், டிவியையும் தண்ணீர்ச் செம்பையும் இடப்பக்கம் வையுங்கள். முதல் சில நாளுக்கு மட்டும் அழைப்பு மணியும் போனும் வலப்பக்கமே இருக்கட்டும்.

ஒரு பக்கம் பார்வை மட்டும் போனால்?

பிடரி மடலுக்குப் போகும் பின் மூளைத் தமனி அடைபட்டிருக்கலாம். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறையும். "இடது கண் தெரியல" என்று வருவார், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் இரண்டிலுமே இடது பாதி இருக்காது. கண்ணாடிக் கடைக்குப் போய் அரைநாள் வீணாக்க வேண்டாம். டாக்டர் பார்வைப் பரப்பைச் சோதித்து அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

தலைசுற்றலும் வாந்தியும்தான். அதுவும் பக்கவாதமா?

எல்லாத் தலைசுற்றலும் பக்கவாதம் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் வருவதே அதிகம். ஆனால் சிறுமூளை அடைப்பு இதே வேஷத்தில்தான் வரும். பார்க்க வேண்டியது: பிடிக்காமல் உட்கார முடிகிறதா? நடக்க முடிகிறதா? காதுக் கோளாறு உள்ளவர் தள்ளாடினாலும் பெரும்பாலும் சுவரைப் பிடித்து நடந்துவிடுவார். சிறுமூளையில் அடித்தவர் கட்டிலில் உட்கார்ந்தாலே ஒரு பக்கம் சாய்வார். உங்கள் விரலையும் அவர் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னால் கை இலக்கைத் தாண்டிப் போகும். இவற்றோடு இரட்டைப் பார்வை, குளறல், புதிதான பிடரிவலி எது சேர்ந்தாலும் உடனே கிளம்புங்கள்.

சிறுமூளை இருப்பது மண்டையின் பின்புறக் குறுகிய அறையில். அடைப்புக்குப் பிறகு 2 முதல் 4 நாளில் அது வீங்கும். வீங்கினால் பக்கத்தில் இருக்கும் மூளைநீர்ப் பாதையையும் மூளைத்தண்டையும் நெரிக்கும். முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் மயக்கத்தில் ஆழ்வது இதனால்தான். வாந்தி நிற்க ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அழைத்து வந்து "தூங்கட்டும்" என்று விட்டால், அந்தத் தூக்கம் மயக்கமா என்றே தெரியாமல் போய்விடும். சிறுமூளைப் பக்கவாதம் என்றால் நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்திலேயே இந்த நாட்களைக் கழிக்க வேண்டும். தேவைப்பட்டால் எலும்பைத் திறந்து இடம் கொடுப்பார்கள், சரியான நேரத்தில் செய்தால் நன்றாகத் தேறுகிறவர்கள் பலர்.

மூளைத்தண்டில் அடித்தால் பிழைப்பது கடினமா?

இடத்தைப் பொறுத்தது. மூச்சு, விழிப்பு, விழுங்குதல், கண் அசைவு எல்லாம் விரல் தடிமனான இந்தத் தண்டில் இருக்கின்றன. நடுப்பகுதியான பான்ஸில் பெரிய அடைப்பு என்றால் கை, கால், வாய் எல்லாம் நின்று, நினைவு மட்டும் முழுதாக இருக்கும் நிலை வரலாம். கண்ணை மேலும் கீழும் அசைத்து, இமை கொட்டி "ஆமாம், இல்லை" சொல்ல அவரால் முடியும். அவர் தலைமாட்டில் நின்று பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கிறது, யோசித்துப் பேசுங்கள். முகுளத்தின் பக்கவாட்டில் அடைப்பு என்றால் கை கால் வலு அப்படியே இருக்கும். குரல் கம்மும், விக்கல் நிற்காது, விழுங்கினால் புரையேறும், முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் மறுபக்கமும் சூடு குளிர் தெரியாது.

வாய் மட்டும் கோணியிருக்கிறது. பக்கவாதமா, முகவாதமா?

நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், கண் மூடும், வாய் மட்டும் இழுக்கும். முகநரம்பு பாதிக்கும் முகவாதத்தில் ஒரு பக்கம் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. மூளைத்தண்டு அடைப்பு சில சமயம் முகவாதம்போலவே காட்டும் என்பதால், இரண்டாவது வகையையும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

அறிகுறி தெரிந்ததும் வீட்டில் என்ன செய்வது?

மணியைப் பாருங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து "பக்கவாதம்" என்றே சொல்லுங்கள், "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வாந்தி, மயக்கம் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குத் தாழ் சர்க்கரையே பக்கவாதம்போல் கை காலை இழுக்கும், ரீடிங் குறைவாக இருந்தால் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள்.

வாயில் எதையும் கொடுக்க வேண்டாம். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம், விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். ஆஸ்பிரினும் வேண்டாம், கசிவாக இருந்தால் கெடுதி. பிரஷர் 200 காட்டுகிறது என்று பதறிக் கூடுதல் மாத்திரையோ நாக்கடி மாத்திரையோ கொடுக்கிறார்கள். அடைப்புக்குச் சுற்றிலும் பாதி உயிரோடு தவிக்கும் மூளை அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது, திடீரென்று இறக்கினால் அதுவும் போய்விடும்.

சிடி ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் இறங்கி ஒரு மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பகுதியில் நடக்கும் பெரிய தவறு. இரவிலும் சிடி எடுத்து, குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை மஞ்சக்குப்பத்தில், சிதம்பரம் பக்கத்தாருக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேட்டில் நரம்பியல், நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைகளோடு ஜிப்மர். கடலூரிலிருந்து காரில் புதுச்சேரி போவதென்றால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலையும் நேரக் கணக்கில் சேருங்கள். பழைய சீட்டும் மாத்திரை அட்டையும் கையோடு வரட்டும்.

கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறார்களே, எப்போதிலிருந்து?

கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்குப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை வராமல் எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்து தொடங்கும். அதற்காக "நேரம் போயிடுச்சு" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எம்ஆர்ஐ பார்த்துச் சிலருக்கு ஊசி போட முடியும். பெரிய குழாய் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள்ளும், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை தெரிந்தால் 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள்.

ஊசி மருந்து ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 54 மி.கி.: அதில் 5.4 மி.கி. முதலில் ஒரே நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில். டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசியாகப் போடுவது. இரண்டுக்கும் பிரஷர் 185/110-க்குக் கீழ் வர வேண்டும். கசிவு, அண்மையில் பெரிய ஆபரேஷன், 3 மாதத்துக்குள் தலைக்காயம், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 1.7-க்கு மேல் என்றால் போட மாட்டார்கள். ஊசிக்குப் பிறகு 100 பேரில் 2 முதல் 6 பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். இதைச் சொல்லித்தான் கையெழுத்துக் கேட்பார்கள். ஊரிலிருந்து மாமா வரட்டும், சித்தப்பாவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று காக்க வைக்கும் நேரத்திலும் மூளை செத்துக்கொண்டிருக்கிறது. முடிவு எடுப்பவர் ஆம்புலன்ஸிலேயே உடன் வரட்டும்.

சிடி ஸ்கேன் நார்மல் என்றார்கள். பக்கவாதம் இல்லைதானே?

முதல் சில மணி நேரத்தில் அடைப்பு சிடியில் தெரியாமல் இருப்பது சகஜம். கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்த ஸ்கேன். சிறுமூளை, மூளைத்தண்டு அடைப்புகளை சிடி கோட்டைவிடுவது இன்னும் அதிகம். அறிகுறி இருந்தால் எம்ஆர்ஐ கேளுங்கள்.

பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. கட்டி வந்து தானே கரைந்திருக்கிறது, கட்டியை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த 48 மணி நேரம் ஆபத்து மிகுதி. அன்றே ஈசிஜி, கழுத்துக் குழாய் டாப்ளர், மூளை ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தொடங்கும் மாத்திரை பெரிய அடியைத் தடுக்கும்.

பிரசவமாகி பத்து நாள், தலைவலி, வலிப்பு. இதிலுமா?

ஆமாம். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் சிரைகள் உறைந்து அடைபடுவது பிள்ளை பெற்ற 6 வாரத்துக்குள் அதிகம். "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி ஆகாது" என்று தண்ணீரைக் குறைப்பது ரத்தத்தைக் கெட்டியாக்கி இதைத் தூண்டும். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் சிரைகளைக் காட்டும் ஸ்கேன் தேவை என்று சொல்லுங்கள். இதற்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள், சிரை அடைப்பால் கொஞ்சம் கசிவு இருந்தாலும்கூட. சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலான பெண்கள் நன்றாகத் தேறுகிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எதில் கவனம்?

விழுங்குவதில் முதலில். நிமிர்ந்து உட்கார வைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல், கரகரத்த ஈரக் குரல், வாயோரம் வழிதல் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை டிஸ்சார்ஜுக்கு முன் ஆஸ்பத்திரியில் செய்யச் சொல்லுங்கள். இவர்களுக்குத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும், கெட்டியான கஞ்சி எளிது. நல்ல பக்கத்துக் கன்னத்தில் சிறு கவளம், தாடையைச் சற்றுக் கீழே இறக்கி விழுங்க வேண்டும், சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மூக்குக் குழாய் இருந்தால் வாய்வழி "கொஞ்சம் ருசிக்கு" என்று கொடுக்காதீர்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள், உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். படுக்கையிலேயே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்கிறார்களே?

முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், 6 மாதம்வரை நன்றாகத் தொடரும், அதன் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு. கால் முன்னாலும், விரல்களின் நுண்வேலை கடைசியிலும் வருவதே வழக்கம். தோலில் தேய்க்கும் புறா ரத்தமோ எண்ணெயோ மூளைக்குப் போவதில்லை. வீக்கம் வடிந்து முதல் வாரங்களில் தானாக வரும் தேறுதல் தேய்த்ததன் கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அந்த வாரங்கள் பிசியோதெரபிக்குப் போக வேண்டியவை. கடலூர் மாவட்டத்தில், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க?

பெரும்பாலானவர்களுக்கு இலக்கு பிரஷர் 130/80-க்குக் கீழ். 5 நிமிடம் உட்கார்ந்தபின் எடுங்கள், எழுதி வையுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு, எல்லாம் சேர்த்து. முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கருவாடு இல்லாத வீடு குறைவு, ஊறுகாயும் அப்பளமும் கூட வரும். அந்த நாள் உப்பு அதிலேயே முடிந்துவிடும். வாரம் ஒருநாள் என்று குறைத்து, ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பீடி, சிகரெட் அறவே வேண்டாம்.

நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் இதய வால்வு சுருங்கியவர்களுக்கும் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாத மாத்திரையும், வார்ஃபரின் வகை என்றால் ஐஎன்ஆர் பரிசோதனையும் வேண்டும். பல் பிடுங்க வேண்டும், கண்புரை ஆபரேஷன் என்று யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், பக்கவாதத்துக்குப் பார்த்த டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளை ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே செய்யலாம்.